இடது ஷூவுக்குள் இருந்தது

திங்கட்கிழமை மாலை நானும் அம்மாவும் மிக்சி ஜாருக்கு வாஷர் மாற்றினோம். பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்து, சட்னி அரைக்கும்போதெல்லாம் ஒழுகியது. புது ஜார் ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சுங்குவார்சத்திரம் போய் வாஷரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். அவள் ஜாரைப் பிடித்துக்கொள்ள, நான் பிளேடைத் திருகினேன். வரவில்லை.

“அந்தப் பக்கம் திருகுடி. மிக்சிக்கு எல்லாமே ரிவர்ஸு. காலேஜில சொல்லித் தரலியா?”

“ரோபோ சொல்லிக் குடுத்தாங்கம்மா.”

“ரோபோ சட்னி அரைக்குமா?”

வாஷர் உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒழுகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “வசந்து லீவு குடுத்துட்டான். நாளான்னிக்கி குன்றத்தூர் போயி அந்தப் புள்ளயக் கண்டுபுடிச்சிக் குடுத்துட்டு வந்துடறேன். ஏழு வாரம் ஆவுது. எப்படி நடந்துகினு கீதோ.”

மறுநாள் காலை அம்மாவுக்குக் கம்பெனி பஸ் 5.55க்கு. 5.40க்கு ஷூ மாட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்து மூன்று.

அந்தப் பிள்ளை யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. இடது கால் வலது காலைவிடக் குட்டை, வீடு குன்றத்தூரில், இவ்வளவுதான் தெரியும். அந்தக் காலுக்காக அளவெடுத்துச் செய்த சோல் எங்கள் வீட்டில் இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்ல, அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மா, பெயர் அம்சவல்லி, ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் பொருள்கள் அங்கே வரும். அவளுக்கு ஒரு மேசை, ஒரு கத்தி, ஒரு ஸ்கேனர், மூன்று பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் பொருள் மறுபடி விற்பனைக்குப் போகும். மஞ்சள் என்றால் விலை குறைத்து விற்பார்கள். சிவப்பு என்றால் ஸ்கிராப், நசுக்கும் மெஷினுக்குப் போகும். மணிக்கு ஐம்பது பார்சல் பிரிக்க வேண்டும்.

அம்மா கண்ணைவிட மூக்கை நம்பினாள். பட்டுப்புடவையைப் பிரித்ததும் முகர்ந்து பார்ப்பாள். மல்லிகை, சாம்பிராணி, சாம்பார். “கல்யாணத்துக்குக் கட்டிகினு போயிட்டு, வெல அட்டையக் கிழிக்காம மடிச்சி அனுப்பிட்டாங்க” என்பாள். சொல்வதில் கோபம் இருக்காது. “எந்த ஊரு பொண்ணு மாப்பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.”

மேசைக்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி ஒன்றை மாட்டிவைத்திருந்தாள். முகூர்த்தத்திலிருந்து ஐந்தாம் நாள் பட்டுப்புடவைகள் வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் பிள்ளைகளின் பட்டுப்பாவாடை. ஐயப்ப சீசன் முடிந்ததும் கறுப்பு வேட்டிகூட வந்திருக்கிறது. சூப்பர்வைசர் வசந்தகுமார் பி.இ. படித்தவர். முதலில் சிரித்தார். எத்தனை பார்சல் திரும்பி வரும் என்று தலைமை அலுவலகம் அனுப்பிய கணக்கு இரண்டு முறை தப்பிய பிறகு, முகூர்த்த நாள் பட்டியலை எழுதி வாங்கித் தன் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டார். “அக்கா, இத்தான் டேட்டா சயின்ஸு” என்றாராம். அம்மா அதைப் பக்கத்து வீட்டு ஜோதி அக்காவிடம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை நான் நீலச் சுடிதார் ஒன்றை இரண்டு அளவில் வாங்கி, ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். எல்லோரும் செய்வதுதான். நான்காம் நாள் அம்மா வேலை முடிந்து வந்து பையை வைத்தாள்.

“உன் சுடிதார் இன்னிக்கி என் டேபிளுக்கு வந்துச்சி.”

“என்னுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பிரிச்சதும் நம்ம வூட்டு வாசன. சீயக்காயும் பினாயிலும்.”

“பச்சைதான அழுத்தின?”

“செவப்பு. அக்குளு கிட்ட பவுடரு. பெத்த பொண்ணுன்னா சலுகையா?”

அது அப்படி நசுக்கப்பட்டது இப்போதும் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு நாள் முழுக்கக்கூட யாரும் உடுத்தாத துணி.

அம்மாவுக்குப் பொருள்கள் மேல் வெறுப்பு கிடையாது. ஆசைதான் இருந்தது. மண்ணூரில் நாங்கள் இருந்த வரிசையில் ஐந்து வீடுகள். முதல் ஃபிரிட்ஜ் எங்களுடையது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வந்த ஒரு வாரத்தில் அதற்குள் எங்கள் சாமான் குறைந்து, மற்றவர்கள் சாமான் நிறைந்துவிட்டது. மேல்தட்டு ஜோதி அக்கா வீட்டு மாவு. கதவில் ஐயனார் மாமாவின் இன்சுலின். பூக்கட்டும் வீட்டுக்குக் கீழ்த்தட்டு. எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் தூக்குகள் என்பதால் அம்மா ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு நிற நூல் கட்டிவைத்தாள். காலை ஆறு மணிக்கே ஆள் வர ஆரம்பித்துவிடும். மாவு எடுக்க வந்தவர்கள் எடுத்ததும் போனதில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அதன்மேல் சாய்ந்துகொண்டே பேசுவார்கள்.

“கதவ மூடிட்டுப் பேசுங்கம்மா, ஜில்லுப்பு எல்லாம் தெருவுக்குப் போவுது” என்று அப்பா கத்துவார்.

“உம் பொண்டாட்டி பேச்சு சூடு, அண்ணாதுரை. அதுக்குத்தான் தொறந்து வெச்சிகீறோம்” என்பாள் ஜோதி அக்கா.

அந்தக் காலைகளின் மணம் புளித்த மாவும் கனகாம்பரமும் இன்சுலின் பெட்டியின் மருந்து வாடையும் கலந்தது. கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது என்று இப்போது தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைவிருக்கிறது.

பிறகு கம்பெனிகள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வேலைக்குப் போனார், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. நல்லதுதான். ஐயனார் மாமா இன்சுலினை எடுத்துப் போக வந்த அன்று அம்மா அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தாள். கடைசியாக ஜோதி அக்கா வாங்கினாள். அதற்குப் பின், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று ஆகிவிட்டது. அம்மா பல மாதம் மேல்தட்டைக் காலியாகவே விட்டிருந்தாள். நான் அதில் தண்ணீர் பாட்டில் வைத்தால் கீழே இறக்கிவைப்பாள்.

எந்தத் தூக்கு யாருடையது என்று தெரிந்து வாழ்ந்தவளுக்கு, யாருடையது என்றே தெரியாத நானூறு பார்சல்களை நாள்தோறும் பிரிக்கும் வேலை அமைந்தது. நான் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா விபத்தில் போனார். அதற்கடுத்த மாதம் சேர்ந்த வேலை அது.

அவள் இறந்த வருடம் செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை பள்ளிப்பிள்ளை போடும் கறுப்பு ஷூ ஒரு ஜோடி அவள் மேசைக்கு வந்தது. திருப்பிய காரணம்: அளவு சரியில்லை. இடது ஷூவுக்குள் கை விட்டபோது அந்தச் சோல் இருந்தது. குதிகால் பக்கம் தடிமனாகவும் விரல் பக்கம் மெலிந்தும் இருக்கும் பட்டை. ஒரு கால் நீளம் குறைந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் செய்து தருவது. நடக்கும்போது இடுப்பு சாயாமல் இருக்க உதவும். புது ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது பழைய ஷூவிலிருந்து இதை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இறுக்கமாக இருக்கவே, அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா வசந்தகுமாரைக் கூப்பிட்டாள்.

“வசந்து, இத இன்னா பண்றது?”

“பார்கோடு இருக்காக்கா?”

“புள்ளையோட காலுக்கு ஏது பார்கோடு?”

“அப்ப சிஸ்டத்துல அது இல்லக்கா. சிவப்பு அழுத்துங்க.”

“அட்ரஸ் சொல்லு, நானே போயி குடுத்துடறேன்.”

“எனக்கே காட்டாதுக்கா. பின்கோடு மட்டும்தான் வரும்.” திரையைக் காட்டினார். 600069. குன்றத்தூர். பிறகு அடுத்த மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்றேதான் திரும்பினான், தங்கமான பையன் என்றாள் அம்மா.

கிடங்கிலிருந்து ஒரு நூல்கூட வெளியே போகக் கூடாது. கேட்டில் பெண்களை ராஜாமணி என்ற காவல்காரம்மா தடவிப் பார்ப்பார். பிடிபட்டால் வேலை போகும். அம்மா சோலைத் தன் இடது ஷூவுக்குள் வைத்து மிதித்துக்கொண்டு கேட் வரை நடந்தாள்.

“இன்னாடி அம்சா, கோணிகினு நடக்கற?”

“சுளுக்கு.”

“காலையில நல்லாத்தான வந்த?”

“வந்தப்ப நல்லாத்தான் வந்தேன். உங்க கம்பெனி நின்னு நின்னு கோணலாக்கிடுச்சி.”

ராஜாமணி சிரித்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். குதிகாலில் 11 மில்லிமீட்டர். நீளம் 178. அடியில் பென்சிலால் எழுதியது பாதி அழிந்திருந்தது.

“எனக்கு இம்மாந்தூரம் நடந்ததுக்கே இடுப்பு வுட்டுப் போச்சி. அந்தப் புள்ளைக்கு நாள் பூரா இப்படித்தான இருக்கும்?”

“விடும்மா. புதுசு வாங்கியிருப்பாங்க.”

“இது வாங்கற சாமான் இல்லடி, விழி. காலை அளந்து செய்யறது. மறுபடி போயி வரிசையில நின்னா எத்தினி மாசம் ஆவுமோ.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் செருப்புக் கடை கடையாக ஏறி இறங்கினாள். யாருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மலைக்கோயிலுக்குப் போனாள். கால் சரியில்லாத பிள்ளையை முருகனிடம் கூட்டி வராமலா இருப்பார்கள் என்பது அவள் யோசனை. படிக்கட்டில் பிள்ளைகள் நடப்பதைப் பார்த்தாள். பிறகு செருப்பு விடும் இடத்தில் குனிந்து, சின்ன ஷூக்களின் இடது பக்கத்தை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். டோக்கன் கொடுக்கும் பெண் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா, ஒத்த ஷூவா திருடற?”

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்தான் சொன்னாள்: “ஸ்கூல் வாசல்ல போயி நில்லு. நாயித்துக்கிழம வந்தா எப்படி?”

ஆனால் ஸ்கூல் நாளில் லீவு கிடைக்கவில்லை. தீபாவளி சேல் தொடங்கிவிட்டது. சேல் முடிந்தாலும் வாங்கியதெல்லாம் திரும்பி வரும் காலம் அதன்பின்தான். கிடங்கில் பார்சல்கள் தலைக்கு மேல் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளும் ஓ.டி. ஆகின. தினமும் அம்மா லீவு கேட்பாள், வசந்தகுமார் கையெடுத்துக் கும்பிடுவார். “ரிட்டர்ன் குறையட்டும்க்கா.” நான் ஒருநாள் அவளுக்காகப் போயிருக்கலாம். போகவில்லை. என் கம்பெனியிலும் ஓ.டி. அந்த சேலில் நான் மூன்று பொருள் வாங்கினேன். என்னென்ன என்று இப்போது யோசித்தால் இரண்டுதான் ஞாபகம் வருகிறது.

நவம்பர் 12, புதன்கிழமைக்கு அவளுக்கு லீவு கிடைத்தது. 11 காலை இறந்தாள்.

காரியத்துக்கு வசந்தகுமார் வந்தார். ராஜாமணி வந்தார். ஜோதி அக்கா பதினாறு நாளும் எங்கள் வீட்டில்தான் சமைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு அம்மாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். உள்ளே பிளாஸ்டிக் கவரில் அந்தச் சோல். கூடவே நாள்காட்டித் தாள் ஒன்று. அதன் பின்னால் குன்றத்தூரில் உள்ள மூன்று பள்ளிகளின் பெயர், பஸ் நிற்கும் இடம், எந்தப் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்ற குறிப்பு. யாரைக் கேட்டு எழுதினாளோ தெரியாது.

மேனேஜரிடம் ஒருநாள் லீவு கேட்டேன். ஆடிட் இருக்கிறது, அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவும் ஏழு வாரம் சரி என்றுதான் சொன்னாள். புதன்கிழமை காலை ஃபோன் செய்து இன்று வரவில்லை என்றேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். வைத்துவிட்டேன்.

முதல் பள்ளியில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவதில் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அவனுக்கு வலது கால். மூன்றாவது பள்ளியில் கேட்டுக்குப் பக்கத்தில் மிதிவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா சோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படி ஒரு பொண்ணு கீதும்மா. ரெண்டாங்கிளாசு.”

“உள்ள இருக்காளா?”

“ரெண்டு வாரமா வர்றதில்ல. நடந்தா இடுப்பு வலிக்குதாம். அவங்கம்மா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போச்சி.”

“வீடு எங்கம்மா?”

“தெரு பேரு தெரியாது. மலைக்கு அந்தாண்ட, தண்ணி டேங்கு பக்கம்னு சொல்லுவாங்க. போயி கேளு. காலு சரியில்லாத பொண்ணுன்னா காட்டுவாங்க.”

நடக்கும்போது கணக்குப் போட்டேன். அந்த வயதில் கால் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். பத்து வாரம் ஆகிவிட்டது. இரண்டரை மில்லிமீட்டர். முன்பக்கம் கொஞ்சம் குறையும். குதிகால் இன்னும் பொருந்தும். இன்னும் தள்ளிப்போட்டால் பொருந்தாது.

தண்ணீர் டேங்க் தெரிந்தது. அதைச் சுற்றி நான்கு தெருக்கள். முதல் தெருவில் நுழைந்து, கதவு திறந்திருந்த வீட்டில் கேட்டேன். அடுத்த தெருவில் கேட்கச் சொன்னார்கள்.