ஆரல்வாய்மொழியில் மைதீன் காக்கா கேட்ட சத்தம்

மைதீன் காக்கா போய்விட்டார்.

போன் வந்தபோது நான் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்தில் பப்படமும் பழமும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. விளம்பியவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்... அதையும் குடித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காக்காவுக்குக் கோட்டாறில் கார் ஒர்க்‌ஷாப். தன்னடக்கம் என்ற சாமான் மட்டும் அங்கே ஸ்டாக் கிடையாது.

"இஞ்சினுக்க சத்தத்த வச்சே சீக்கு சொல்லுவேன் மக்கா. ஸ்கேனர்லாம் செவி கேக்காதவனுக்கு!"

யூடியூபில் கார் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து நிற்கும் என்னைக் கண்டாலே, "வாலே... யூடியூப் டாக்டர் இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு வழி?

சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு பணகுடியில். ராகுகாலத்துக்கு முன்னால் வாசல் ஏறாவிட்டால் பேச்சே இல்லை என்று பெண்ணின் தாய்மாமன் கறாராகச் சொல்லியிருந்தார். பையனுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது... அக்கா வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

என் கார். ஓட்டியவன் என் மைத்துனன் குமார். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு!

நிஜமாகவே ஆயில் பிரஷர் இல்லையென்றால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், கதை முடிந்தது. சென்சார்தான் பொய் சொல்கிறது என்றால் தாராளமாகப் போகலாம். எது என்று யாருக்குத் தெரியும்? வண்டியை ஓரம் கட்டி காக்காவுக்குப் போன் போட்டேன்.

"எங்க நிக்கிய? ஸ்டிக்க உருவிப் பாரு. ஆயில் இருக்கா?"

"நெறைய இருக்கு காக்கா."

"செரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு போன இஞ்சின் பக்கத்துல காட்டு."

குமாரிடம் கத்தினேன். பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே... சுற்றிலும் காற்றாலை சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? என் காதுக்கு என் குரலே எட்டவில்லை.

"ஏலே, காத்த மறைங்கலே!" போனில் காக்கா கத்தினார்.

மாப்பிள்ளை வேட்டியை அகல விரித்துக்கொண்டு நின்றான். அக்கா, பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவையையே பிரித்துவிட்டாள்! ஆளுக்கொரு முனை பிடித்து பானெட்டைச் சுற்றி மறைத்தோம். லாரிக்காரர்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரையோ குளிப்பாட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

காக்கா கேட்டார்... கேட்டார்...

"தங்கம்லா இது! பிரஷர் இல்லேன்னா உள்ள கடகடன்னு அடிக்கும். ஒரு பொட்டு சத்தம் இல்ல. சென்சாராக்கும் போச்சு. பயப்படாண்டாம், விட்டுப் புடி மக்கா!"

விட்டுப் பிடித்தோம்! சிவப்பு விளக்கு எரிய எரிய, அக்கா புடவையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே வர, ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் ஏறினோம். தாய்மாமன் வாட்சைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சிரித்தார்.

மறுநாள் காக்கா சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜை மாட்டினார். முள் கம்பீரமாக ஏறி நின்றது. சென்சார்தான் அவுட்!

"பாத்தியாலே? காத்துக்குள்ள இருந்து புடிச்சேன்!"

அப்புறம் அந்தக் கடைக்கு வந்த ஒருத்தரையும் இந்தக் கதை கேட்காமல் அவர் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் காற்று கூடிக்கொண்டே போகும். கடைசியாகக் கேட்டபோது புடவை பறந்து காற்றாலையில் மாட்டியிருந்தது.

இன்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது. அக்கா மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

போன இடத்திலும் யாராவது வண்டியோடு நிற்பார்கள் காக்கா... நல்லா ஏசுங்க.

திரும்பி வரும்போது குமார் மெதுவாகச் சொன்னான்: "அத்தான், அன்னைக்கு காக்கா சத்தம் கேட்டப்ப நான் இஞ்சின ஸ்டார்ட்டே பண்ணல. இஞ்சின் புடிச்சிருமோன்னு பயந்துட்டு, சாவிய ஒரு கிளிக் மட்டும்தான் திருப்பினேன்."