பண்ணைவீட்டுக் கோப்பைகள்

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. நமீபியாவில் ஜெர்மன்காரர்கள் முதன்முதலில் குடியேறிய காலத்துப் பண்ணை ஒன்றைத் தோண்டியிருந்தார்கள். கிடைத்த பொருட்கள் கண்காட்சிக்காக இரவலாக வந்திருந்தன. அவற்றைக் கழுவி, ஒட்டி, எண் எழுதுவது என் வேலை.

பண்ணைவீட்டுக் குப்பைக் குழியிலிருந்து வந்தவை பூப்போட்ட கோப்பைகள், வைன் போத்தல்கள், பொம்மை ஒன்றின் பீங்கான் தலை. வேலியோரத்தில் வேலையாட்களின் குடிசைகள் இருந்த இடத்தில் கிடைத்ததெல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது: கம்பியால் இழுத்துக் கட்டிய இரும்புச் சட்டி, கொஞ்சம் கரி, தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிகள். சில மணிகளுக்கு இன்னும் துளையே போடவில்லை. யாரோ பாதியில் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அந்த நிலம் முன்பு அந்த வேலையாட்களுடைய மேய்ச்சல் நிலம். பிறகு அதிலேயே அவர்கள் கூலிகளானார்கள். இதையெல்லாம் எழுதி ஒரு விளக்கப் பலகை தயாரித்தேன்.

கண்காட்சிக்குப் பொறுப்பான பெண்மணி வாசித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். ஆனால் இடம் போதாதாம். பண்ணைக் குடும்பத்தின் வாரிசுகள் வேறு வருகிறார்கள், அவர்கள் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும் என்றும் கேட்டார். பெட்டி நிலவறையிலேயே இருந்தது.

திறப்பு விழாவுக்கு அக்காவையும் அழைத்திருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தாள். வாரிசுகளில் ஒரு கிழவர் கோப்பைகளுக்கு முன்னால் நின்று அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று கோபமும் வந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்னைப் பொம்மைத் தலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நமீபியா நாட்டுக்காரியா என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஹம்மில் பிறந்தவள் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிப் படமெடுத்தார்.

அக்கா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நீ ஒவ்வொரு நாளும் சொன்ன மணியள் எங்க?"

"கீழ, பெட்டிக்குள்ள இருக்கு. இடம் காணாதாம்."

அவள் எதிரே பார்த்தாள். "இவ்வளவு சுவர் சும்மாதானே கிடக்கு."



கண்காட்சி முடிந்ததும் வேறொரு நகரத்து அருங்காட்சியகத்தார் கோப்பைகளை இரவலாகக் கேட்டு வாங்கினார்கள். மணிகளை யாரும் கேட்கவில்லை. பஞ்சு சுற்றி நானே நமீபியாவுக்குத் திருப்பி அனுப்பினேன். என் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. கடைசி நாளன்று பொறுப்பாளர் பூங்கொத்துத் தந்து, எனக்கு நல்ல நிதானமான கை என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். நான் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.