மாமனாருக்கு ஒரு முகம்

கடையில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவள் தம்பி இருந்தான். சென்னையிலிருந்து வந்த ட்ராயிங் மாஸ்டர் இருந்தார். மேசைமேல் காகிதத்தில் ஒரு கிழவர் இருந்தார்.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் என் கடை. படங்களுக்குச் சட்டம் போடுவேன். பெரும்பாலும் முருகன். மாஸ்டர் கொண்டுவந்தது வெள்ளைக்காரர் முகங்கள். நூறு வருஷத்துக்கும் முந்தி ஒருத்தர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்ததாம். இவை அவற்றின் நகல்கள். கீறல் ஓரமெல்லாம் மை கசிந்து, கிழவரின் மீசை பஞ்சு மாதிரி இருந்தது.

எந்த ஆள் படம் வந்தாலும் நான் ஒன்று கேட்பேன். செத்துப்போனவர் என்றால் மாலை மாட்டச் சட்டத்தின் மேலே ஆணி அடிக்க வேண்டும்.

"இருக்காரா, போய்ட்டாராங்க?"

"யாருன்னே தெரியாதுங்க. வரைஞ்சவர் இவர் பேர எழுதி வைக்கல."

"போய்ட்டிருப்பாரு இல்ல?"

"ஆங், அது நிச்சயம்."

ஆணி அடித்தேன்.

மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, இது எங்க நைனா."

செத்துப்போன என் மாமனார் கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிறவர். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் முதுகுதான் இருக்கிறது. இப்போது எங்கள் மகளுக்குக் கல்யாணம். அதற்குமுன், செத்த பெரியவர்களுக்கு வேட்டி வைத்துப் படைக்க வேண்டும். என் அப்பா படத்துக்கு மாலை உண்டு. அவள் அப்பாவுக்குப் படத்துக்குப் பதில் வெறும் சொம்பு. அது அவளுக்குப் பெரிய குறை.

மச்சான் சிரித்தான். "நைனா எப்போக்கா கோட்டு போட்டுச்சு? ஆர்.கே.பேட்டை சந்தைக்குப் போறப்பயா?"

"கோட்ட வுடுடா. அந்த மொறைப்பப் பாரு."

அவன் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் நிமிர்ந்தான். "அட ஆமாம். பாவா, உன்னப் பாத்தா நைனா இப்டித்தான் மொறைக்கும்."

மாஸ்டர் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோட்டு தெரியாமல் கழுத்தோடு வெட்டிச் சட்டம் போட்டேன்.

படையல் அன்று பொதட்டூர்பேட்டையிலிருந்து மனைவியின் அத்தை வந்தார். மாமனாருக்கு அக்கா. அவர் வேண்டாமென்றால் படத்தை எடுத்துவிட வேண்டியதுதான். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். இன்னும் பொட்டு வைக்கவில்லை.

அத்தை கிட்டே போய்ப் பார்த்தார்.

"யாருடி இந்த வெள்ளக்காரன்?"

கண்ணைச் சுருக்கி இன்னும் குனிந்தார்.

"எந்தம்பி மூக்கு இவ்ளோ நீளம் இல்ல. காதும் அவனுக்குப் பெருசு."

மனைவி கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனாள்.

"இருடி. கொழம்புல உப்பு இல்லன்னா அவன் இப்டித்தான் மொறைப்பான்." என்னிடம் திரும்பினார். "இன்னா மாப்ளே, இவன எங்க புட்ச்ச?"

"சென்னையிலேர்ந்து வந்தாருங்க."

"செரி, பொட்டு வையி. இவ்ளோ தூரம் வந்துட்டான். பட்டினியாவா அனுப்புறது?"

வைத்தாள். பொட்டு கோணலாகிவிட்டது. துடைக்கவில்லை.

படத்தில் தொடக் கால் இல்லை. தரையில் விழுந்து கும்பிட்டோம். மச்சான்தான் முதலில் விழுந்தான். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர்.