பன்றிகளுக்காகக் கலையாத கூட்டம்

அமாசா பிட்கினைக் கலகக்காரர் என்று யாராவது சொல்லியிருந்தால் மனுஷன் கோபித்துக்கொண்டிருப்பார். தோல் பதனிடுகிற அவர், சாப்பாட்டு ஜெபத்தில் இங்கிலாந்தின் ஜார்ஜ் அரசரை ஒருநாளும் விட்டதில்லை. அரசர், அரசி, அவர்கள் பிள்ளைகள் என்று வேண்டி முடிப்பதற்குள் அவித்த பீன்ஸ் ஆறிப்போகும்.

எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வருஷா வருஷம் அவரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தோம் என்று நான் சொல்லக் கூடாது, பொம்பளைக்கு அங்கே ஏது கை? அவரை அவசரப்படுத்த எவராலும் முடியாது. அழைப்பில் எழுதிய விஷயம் எல்லாம் பேசிக் கை தூக்கி முடிக்காமல் கூட்டத்தைக் கலைக்கமாட்டார்.

1774 ஜூலையில் அப்படித்தான் இரண்டு விஷயம் பாக்கி நின்றது. தேயிலையைக் கடலில் கொட்டிய கோபத்தில் பாஸ்டன் துறைமுகத்தை லண்டன் அரசாங்கம் அடைத்துவிட்டதே, அதற்கு நம் ஊர் என்ன செய்யப்போகிறது என்பது ஒன்று. தெருவில் திரியும் பன்றிகளைப் பட்டியில் அடைப்பதா என்பது மற்றொன்று. வைக்கோல் அறுப்புக் காலம், எல்லோருக்கும் தூக்கம். அமாசா அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்.

அதற்குள் லண்டனிலிருந்து சட்டம் வந்துவிட்டது. மாசசூசெட்ஸில் இனி கவர்னர் அனுமதியில்லாமல் எந்த ஊரும் கூட்டம் கூட்டக் கூடாதாம். பாதை போடுவதிலிருந்து வாத்தியார் சம்பளம் வரை நாங்களே கை தூக்கி முடிவு செய்துவந்த ஊர் இது.

கொல்லர் ஜோத்தம்தான் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். "புதுக் கூட்டத்துக்குத்தான தடை? பழசு இன்னும் முடியலயே."

எல்லோரும் அமாசாவைப் பார்த்தார்கள். கலைக்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கு வாயில்லை.

"பன்னி விஷயம் பாக்கி இருக்கே," என்றார் அமாசா. "முடியாத கூட்டத்த நான் எப்படிக் கலைக்கிறது?"

அதன்பிறகு மாதாமாதம் அதே கூட்டம்தான். பாஸ்டன் விஷயத்தைப் பேசுவார்கள், ஏதாவது முடிவெடுப்பார்கள். கடைசியில் பன்றி வரும். அமாசாவின் ஒரே மகன் சைலஸ் கணப்பை ஒட்டிய பெஞ்சில் இருந்து கை தூக்குவான். "தலைவரே, பன்னிய அடுத்த மாசம் பாத்துக்கலாம்." ஊரே சிரிக்கும். பன்றிகள் என் முட்டைக்கோஸை மேய்ந்து தீர்த்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

கணப்பு பெஞ்சு என்றேனே, அது என் சாராயக் கடையில் இருந்தது. வழக்கமாகக் கூட்டம் கூடுகிற ஜெபக் கோயிலில் நெருப்பு கிடையாது. குளிர்காலத்தில் கூட்டம் அங்கிருந்து என் கடைக்கு மாறிவிட்டது. ஒருநாள் கவர்னரின் ஷெரீஃப் அனுப்பிய ஆள் உள்ளே வந்து, உடனே கலையுங்கள் என்றான்.

"உக்காருங்க ஐயா," என்றார் அமாசா. "இது ஜூலையில தொறந்த கூட்டம். இன்னும் பன்னி பேசி முடியல."

"எத்தன மாசமாய்யா பன்னியப் பேசுவீங்க?"

"எங்க ஊர்ப் பன்னிங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி," என்றான் சைலஸ். வந்தவன் ஆப்பிள் மது ஒரு குவளை குடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவர்கள் வெடிமருந்து வாங்கவும், பையன்களுக்குப் படைப்பயிற்சி தரவும் கை தூக்கினார்கள். அமாசா தன் கையைத் தூக்கவில்லை. மற்றவர் கைகளை எண்ணிச் சொன்னார், அவ்வளவுதான். படைக்கு முதலில் பெயர் கொடுத்தவன் சைலஸ்.

மறுநாள் அமாசாவின் மனைவி டார்கஸ் என் அடுப்படியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நகரவில்லை.

"ஒரு வார்த்த சொன்னாப் போதும். கூட்டம் கலைஞ்சா மருந்தும் இல்ல, படையும் இல்ல. பையன் வீட்டுல இருப்பான்."

"சட்டம் அப்படி இல்ல, டார்கஸ்."

"சட்டமா? பன்னிதான உங்க சட்டம்?"

அமாசா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் அவன் ஒரே புள்ளதான். தூக்கமே வர்றதில்ல. ஆனா எனக்குப் பயமா இருக்குன்னு ஊர் வாய நான் மூடலாமா? லண்டன்காரன் பண்றதும் அதத்தான?"

டார்கஸ் ஏப்ரன் துணியால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு இருந்ததா என்றால், இல்லை.

ஏப்ரலில் அரசரின் சிப்பாய்கள் கிராமங்களில் சேர்த்துவைத்த வெடிமருந்தைப் பறிக்கக் கிளம்பிவந்தார்கள். மேளம் அடித்ததும் எங்கள் பையன்கள் ஓடினார்கள். சைலஸை மாலையில் வண்டியில் கொண்டுவந்தார்கள். நானும் டார்கஸும்தான் குளிப்பாட்டினோம்.

மே மாதம் கூட்டம் என் கடையில் கூடியது. கவர்னரின் அதிகாரம் அதற்குள் பாஸ்டனைத் தாண்டாமல் போயிருந்தது. இனி யாரையும் கேட்காமல் புதுக் கூட்டம் கூட்டலாம், பழையதைக் கட்டியிழுக்க வேண்டியதில்லை. அமாசா கடைசி விஷயத்தைப் படித்தார்.

"பன்றிகள்."

படித்துவிட்டுக் கணப்பு பெஞ்சைப் பார்த்தார். அங்கே ஒருவரும் உட்காரவில்லை. கடை நிரம்பி வழிந்தும் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

"ஒத்திவைக்கச் சொல்றவங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். காத்திருந்தார். ஒரு கையும் எழவில்லை.

"அடைக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். "ஜார்ஜ் அரசர் பேரால கூடின இந்தக் கூட்டத்தக் கலைக்கிறேன்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாப்பாட்டு ஜெபத்தில் அரசர் பெயர் வரும் இடத்துக்கு வந்ததும் ஆமென் என்று முடித்துவிட்டாராம். டார்கஸ்தான் சொன்னாள். பீன்ஸ் ஆவி பறக்க அப்படியே இருந்ததாம், இரண்டு பேராலும் தொட முடியவில்லையாம்.