மூச்சுப் படிவத்தில் நான் எழுதிய பொய்

என் மகளுக்கு வீசிங் நான்கு வயதில் வந்தது, பதினெட்டில் அடங்கியது. ஏன் வந்தது, ஏன் போனது என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. வந்தது என் மாமியார் வழியாக. போனது கடல்காற்றால். இரண்டையும் சொல்லும்போது இடையில் ஒன்றை மறைத்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாத்தூரில் குடியிருந்தோம். மணலியில் ஒரு கெமிக்கல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்த நாற்றம் வரும் என்று மூக்கை வைத்தே சொல்வேன். தெருவில் அதற்காகவே எனக்கு மரியாதை. "இன்னிக்கு எப்டி சார்?" என்று மாடியிலிருந்து கேட்பார்கள். "சாத்திடுங்க" என்றால் தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று மூடும். எங்கள் வீட்டு ஜன்னல்களை நானே சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகுவேன். பிறகு குளியலறைக்குப் போய், அங்கிருந்த சின்ன ஜன்னலையும் சாத்திவிட்டு, சிகரெட் பற்றவைப்பேன். வெளியிலிருந்து புகை வரக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டவன், உள்ளே நான் விட்ட புகை வெளியே போக ஒரு வழியும் வைக்கவில்லை. நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன்.

மனைவி ராயபுரத்துக்காரி. அவள் அம்மா கருவாடு காயவைக்கும் வேலை செய்தவர். அவருக்கும் இழுப்பு இருந்தது. எனக்கு அது போதும். குழந்தை முகத்தில் நெபுலைசர் மாட்டியிருக்கும்போதே, "எல்லாம் உங்க வம்சத்து ரத்தம்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்கு ஆஸ்துமா' என்ற கட்டத்தில் 'தாய்வழிப் பாட்டி' என்று எழுதினேன். 'வீட்டில் புகைப்பவர் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மனைவிக்கு அதை வாசிக்கத் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு டாக்டர்கள் வாய்விட்டுக் கேட்டபோதும் இல்லை என்றே சொன்னேன். அவள் பக்கத்தில்தான் நிற்பாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. பயத்தில் சிகரெட்டை விட்டேன். அதே வருடம் திருவொற்றியூருக்கு வீடு மாறினோம். அதன் பிறகு மகளின் இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஒரு தடவைகூட நெபுலைசர் வைக்கவில்லை. கடல்காற்று, கடல்காற்று என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அவளுக்கு இருபது வயதாகும்போதுதான், ஆலை நூலகத்தில் ஒரு அறிவியல் பத்திரிகையில் எபிஜெனெடிக்ஸ் பற்றிப் படித்தேன். நின்றபடியே மூன்று முறை படித்தேன். எங்கள் ஆலையில் ஒரு வால்வை மூடி 'திறக்காதே' என்று அட்டை மாட்டினால், குழாய் அதே குழாய்தான், ஆனால் ஓட்டம் நின்றுவிடும். அட்டையைக் கழற்றினால் மறுபடி ஓடும். மரபணுவிலும் அப்படி அட்டைகள் இருக்கின்றனவாம்! அதில் ஒன்று மெத்தில். முப்பது வருடம் பாட்டில் லேபிள்களில் நான் பார்த்துப் பழகிய அதே மெத்தில்! புகையும் கெட்ட காற்றும் அந்த அட்டைகளை மாற்றி மாட்டக்கூடும், சிலருக்கு ஆஸ்துமா அடங்குவதிலும் அவற்றுக்குப் பங்கிருக்கலாம் என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள் என்றது கட்டுரை. பிறப்பில் வந்த ரத்தம் மட்டுமே விதி இல்லை! பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஏறக்குறைய ஓடினேன்.

"ஏன்ப்பா இப்டி மூச்சு வாங்குற? என் பஃப் தரட்டா?" என்று மகள் சிரித்தாள்.

மெத்திலையும் வால்வையும் கைகால் ஆட்டி விளக்கினேன். என் சிகரெட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு மூச்சுப் பரிசோதனை. நன்றாக ஊதினால் தினசரி இன்ஹேலரை விடலாமா என்று பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பதினாறு வருடமாகப் பையில் தூக்கிக்கொண்டு அலைந்த பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மகளின் ஒரே ஆசை. மூவரும் போனோம்.

"ஊது, ஊது, விடாத, இன்னும், இன்னும்!" என்று நர்ஸ் கத்தினார். கம்ப்யூட்டரில் கோடு ஏறியது. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "அட!" என்றார்.

இப்படி ஆஸ்துமா அடங்கியவர்களைப் பற்றி அந்த டாக்டரம்மாவே ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மகள் சம்மதித்தாள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் பழைய படிவத்தைப் பார்த்துப் புதியதை நிரப்பினார். "பாட்டிக்கு உண்டு. வீட்ல சிகரெட் இல்ல."

ஆய்வுக்கூடத்தில் பொய்யாக ஒரு அளவைக் குறித்துவைத்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து அனுப்பியவன் நான்.

"டாக்டர், அது தப்பு. நான் பிடிச்சேன். வீட்டுக்குள்ளயே."

"எவ்ளோ?"

நான் வாய் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "ஒரு நாளிக்கு எட்டு. ஞாயித்துக்கெயம பன்னெண்டு. பாத்ரூம்ல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"கூட்டிப் பெருக்கறது நானு. துண்டுங்கள எண்ணாம இன்னா பண்ணுவேன்?"

"நீங்களாவது சொல்லக்கூடாதாம்மா?" என்றார் டாக்டர்.

"படிச்ச மனுசன், உங்க எதுர்லயே இல்லன்றாரு. நான் இன்னாத்த சொல்றது?"

"அந்தப் பாட்டின்றத அடிச்சிடுங்க டாக்டர்" என்றேன்.

"அத்த ஏன் அடிக்கணும்? எங்கம்மாவுக்கு இழுப்பு இருந்தது நெசம். அது இருக்கட்டும். பக்கத்துல உங்களதையும் எழுதச் சொல்லுங்க."

டாக்டர் எழுதினார். "வயசு, வீடு மாறினது, சிகரெட் நின்னது, இதுல எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இது தெரிஞ்சது நல்லது. மருந்தப் பாதியாக் குறைப்போம், ஆறு மாசம் பார்ப்போம். அவசரத்துக்கு உள்ளது மட்டும் பையில இருக்கட்டும்."

"போயிடுச்சா டாக்டர்?" என்றாள் மகள்.

"அடங்கியிருக்கு. அப்டியே வெச்சுக்கப் பார்ப்போம்."

பாதி! எனக்கு வெளியே வந்து கத்த வேண்டும்போல் இருந்தது. படிக்கட்டில் மகள் நின்றாள்.

"இத்தன வருசம் இல்லாம இன்னிக்கு ஏன்ப்பா சொன்ன?"

"அந்த ஆராய்ச்சி தப்பாயிடும்னு..."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை அதுதான். பெற்ற பெண்ணுக்காகத் திறக்காத வாய் படிவத்தின் ஒரு கட்டத்துக்காகத் திறந்தது.

"ஓ. ஆராய்ச்சிக்கு" என்றாள்.

அப்போது எங்கள் பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் ஓடினாள். இருபது வயதுவரை அவள் ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு படபடக்க, துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடி, படியில் தொற்றி, "நிறுத்துங்க, ரெண்டு பேர் வராங்க!" என்று கத்தினாள். மனைவியும் நானும் போய்ச் சேர்ந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இன்னா பெர்சு, ஆடி அசஞ்சு வர்ற? ஏறு ஏறு, டைம் ஆவுது" என்றார் கண்டக்டர்.

மனைவிக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. எனக்குப் பின்னால் கிடைத்தது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கையைக் காட்டினேன். மகள் பார்த்தாள், வரவில்லை. அம்மாவின் சீட்டைப் பிடித்தபடி திருவொற்றியூர்வரை நின்றுகொண்டே வந்தாள். அவ்வளவு ஓடியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.