இயந்திரத்தைத் துடைத்த வாரம்

காகிதத்தில் அச்சடித்து வந்த ஒரு ஜப்பானியக் கம்பெனி, இனி மின்னணுப் பொருள்களுக்கான படலம் தயாரிக்கப் போவதாக அறிவித்தது. இதற்குத் தொழில் மாற்றம் என்று பெயர். மாறுகிற கம்பெனியில் முதலீடு செய்தால் லாபம் என்று நானும் ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து அதன் பங்குகளை வாங்கினேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதிகளை வங்கி மேலாளருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதே கம்பெனிக்கு ஒரகடத்தில் ஓர் ஆலை இருக்கிறது. படப்பையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரர் அங்கே அச்சு இயந்திரம் ஓட்டுகிறார்.

ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் அந்த ஆலையில் துடைத்து மெழுகுவது வழக்கம். இம்முறை ஓவர்டைம் காசுகூடத் தராமல், ஷிப்ட் முடிந்த பிறகும் நிறுத்திவைத்துத் துடைக்கச் சொன்னார்கள். இயந்திரம் பளபளத்தால் அச்சுப் பிரிவை மூட மாட்டார்கள் என்று சூப்பர்வைசரே சொன்னாராம். அதை நம்பி, உருளைகளின் இடுக்குகளில் காய்ந்திருந்த மையைக்கூட விரல் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் அச்சடித்த தாளைப் பார்த்தார்களா என்று கேட்டேன்.

“இல்ல சார். மிஷின் நம்பர் பிளேட்டத்தான் போட்டோ எடுத்தாங்க. எத்தன தாளு ஓடிருக்குன்னு மீட்டரயும் பாத்தாங்க.”

கொள்முதல் பிரிவிலேயே நரைத்தவன் நான். சொந்தக்காரன் எவனும் தன் இயந்திரத்தின் எண் தகட்டைப் படமெடுக்க மாட்டான். பழைய இயந்திரம் வாங்க வருகிறவன்தான் எடுப்பான். அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை.

மறுவாரம் காலைக் கூட்டத்தில், இயந்திரம் இவ்வளவு சுத்தமாக இருந்ததால் நல்ல விலை போனது என்று நிர்வாகம் தொழிலாளர்களுக்கு நன்றி சொன்னது. லட்டும் கொடுத்தது. விற்கப்போகிற பொருளை, வேலை இழக்கப்போகிறவன் கையாலேயே, அதுவும் ஓசியில் மெருகேற்றி வாங்குவதற்கு எந்த நிர்வாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்களோ தெரியவில்லை.

புதிய பிரிவில் இவர்களுக்கு இடமில்லை. அதற்கு ஒப்பந்த ஆட்கள் வருகிறார்களாம்.

சாயங்காலம் அவர் லட்டுப் பொட்டலத்தோடு என் வாசலில் நின்றார்.

“நாங்களா விரும்பி வேலய விடுதோம்னு எழுதிக் கையெழுத்துக் கேக்காங்க சார். போடட்டுமா?”

“போட்டால் சல்லிக்காசு கேட்க முடியாது. போடாதீர்கள்.”

பொட்டலத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே, “ஒங்க ஷேரு ஏறிட்டா சார்?” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஏறியிருந்தது. சொன்னேன். லட்டை நான் தொடவில்லை.

திங்கட்கிழமை அவரோடு தொழிலாளர் அலுவலகம் போகிறேன். ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் தர வேண்டும், இழப்பீடு தர வேண்டும். மனுவை நானே எழுதிவிட்டேன். அந்த இழப்பீட்டால் என் பங்கு இறங்குமென்றால், தாராளமாக இறங்கட்டும்.