நைட்டி செக்ஷனில் ஒரு பலகை

தென்னரசுவுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. டைல்ஸ் பெட்டிமேல் ஒரே ஷேடு என்று எழுதியிருந்து, பிரித்தால் இரண்டு ஷேடு இருக்க வேண்டும், அது போதும். எலெக்ட்ரீஷியன் போட்ட பைப்பைப் பிளம்பர் உடைத்துவிட்டு, "அவரு ஏன் அங்க போட்டாரு?" என்று கேட்க வேண்டும், அதுவும் போதும். திண்டிவனத்தில் பைபாஸ் ஓரம் அவன் கட்டிக்கொண்டிருக்கும் ஓட்டலில், கை கழுவுகிற இடத்தை முதலாளி நான்காவது தடவையாக மாற்றச் சொன்னபோது, அவன் வெளியே போய் ஜல்லிக் குவியலைப் பார்த்துப் பத்து நிமிஷம் திட்டினான். முதலாளியைத் திட்ட முடியாதே. திட்டி முடித்துவிட்டு உள்ளே வந்து, "மாத்திடலாங்க சார்" என்றான்.

கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர்க்காரன். அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போனவர்கள். இவன் பதினாறு வயதில் கொத்தனார்களோடு சேர்ந்து விழுப்புரம் பஸ் ஏறினான். கலவை போட்டு, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, நாற்பத்து நான்கு வயதில் விசிட்டிங் கார்டில் ஜெனரல் கான்ட்ராக்டர் என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டான். விழுப்புரம் கடைவீதியில் அவனோடு நடந்தால் காது வலிக்கும். இந்தச் செருப்புக் கடை நான் பண்ணியது, அந்த பேக்கரி நான் பண்ணியது, லாட்ஜுக்குப் போகிற படி மட்டும் நான் பண்ணியதில்லை, அதனால்தான் அப்படிக் கோணலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவான்.

புதுசாகக் கட்டுவதில் அவனுக்குச் சிரமமே தெரியாது. வியாபாரம் நடந்துகொண்டிருக்கிற கடையை உடைத்துக் கட்டுவதுதான் உயிரை வாங்கும். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அப்படி ஒரு வேலை வந்து மாட்டியது. விழுப்புரத்திலேயே அரங்கநாதன் என்பவரின் மூன்று மாடி ஜவுளிக்கடை. ஒரு நாள்கூடக் கடையைச் சாத்த மாட்டேன் என்றார் மனுஷன். தார்ப்பாயை நடுவில் கட்டி, இந்தப் பக்கம் சுவரை உடைக்க வேண்டும், அந்தப் பக்கம் புடவை விற்பார்கள். தலையெல்லாம் சிமென்ட்டாக நிற்கிறவனிடம் வந்து, "மேட்சிங் பிளவுஸ் எங்கப்பா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வேறு கடையாக இருந்தால் இந்தப் பேஜாரே வேண்டாம் என்று போயிருப்பான். இந்தக் கடையை விட முடியவில்லை. முதல் மாடியில் நைட்டி, இன்ஸ்கர்ட் செக்ஷனில் அவன் தங்கை அன்புச்செல்வி வேலை பார்த்தாள்.

பதினாலு வருஷம். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்றபடியே இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டு, சாயங்காலமானால் செருப்பு ஏறாத அளவுக்குப் பாதம் வீங்கிவிடும். டாக்டர் பார்த்துவிட்டு, "நடுநடுவுல உக்காரணும். இல்ல, இந்த வேலைய விட்டுடணும். இப்டியே போனா புண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டார். வேலையை விடுவதற்கில்லை. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் கை ஒடிந்த புருஷனுக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அண்ணனிடம் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. அரங்கநாதனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். மாடிக்கு மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார். அந்த ஸ்டூல்களில், பெண்டாட்டி புடவை எடுக்கும்வரை காத்திருக்கும் புருஷன்மார்கள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தென்னரசு ஒரு திட்டம் போட்டான். புது ரேக் அடிக்கும்போதே, ஒவ்வொரு ரேக்கின் பக்கவாட்டிலும் மடக்கிவைக்கிற மாதிரி ஒரு பலகை. இறக்கினால் ஆள் உட்காரலாம், தூக்கினால் ரேக்கோடு ரேக்காக நிற்கும். அரங்கநாதன் டிராயிங்கைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது எதுக்குப்பா? பொண்ணுங்க உக்காந்துக்கினு இருந்தா கடை தூங்குற மாதிரி இருக்குமே."

"கூட்டம் இல்லாதப்ப ரெண்டு நிமிஷம் உக்காந்தா, கூட்டம் வரப்ப தெம்பா நிப்பாங்க மொதலாளி. எடமும் அடைக்காது."

இடம் அடைக்காது என்பதுதான் அவருக்குப் பிடித்தது. சரி என்றார். தென்னரசு அந்தப் பலகைகளுக்கென்று தடிமனான பிளைவுட்டையே எடுத்தான். இரும்பு பிராக்கெட், நீள ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் மேலும் தானே ஏறி நின்று குதித்துப் பார்த்தான். அவன் எண்பத்தைந்து கிலோ. ஒன்றுகூட அசையவில்லை. வேலையைச் சுமாராகச் செய்வது எப்படி என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது, அதுதான் வினையாகப் போயிற்று.

பத்து நாள் கழித்துப் போனால், எல்லாப் பலகையும் இறங்கியிருந்தது. எல்லாப் பலகையின் மேலும் தலை உயரத்துக்கு நைட்டி. அன்புச்செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள்.

அரங்கநாதன் ஓடி வந்து அவன் முதுகில் தட்டினார். "என்னாமா வெயிட்டு தாங்குது தென்னரசு! நூறு பீஸ் வெச்சிருக்கோம், வளையவே இல்ல பாரேன். ரெண்டாவது மாடிக்கும் இதே மாதிரி அடிச்சுக் குடு."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொத்தைப் பலகையாக அடித்திருந்தால் துணி வைக்க மாட்டார்கள், ஆனால் ஆளும் உட்கார முடியாது. நல்ல பலகையாக அடித்தால் துணி வைத்துவிடுகிறார்கள். இதற்கு என்னதான் செய்வது? தங்கையைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கூப்பிட்டு, "நீயாச்சும் எடுத்துக் கீழ வெச்சிட்டு உக்கார வேண்டியதுதானே?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தான்.

"எங்க வெக்கறது? உன் தலை மேலயா?" என்று கேட்டுவிட்டு அவள் கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தான். கடைசியில் பட்டுப் பிரிவைப் பிரித்துப் போட்டிருந்த அன்று ஒரு யோசனை வந்தது. உட்கார வைக்க வேண்டியது வேலைக்காரர்களை அல்ல, கஸ்டமரை.

"மொதலாளி, கல்யாணப் பட்டு எடுக்க வர்ற குடும்பம் நின்னுக்கினே பாத்தா பத்து நிமிஷத்துல கெளம்பிடும். உக்காந்துட்டா எழுந்திரிக்க மனசே வராது. கண்ணாடி கவுன்டர் வேணாம். ஒன்றரை அடிக்கு மேடை கட்டி, மேல வெள்ளை மெத்தை போட்டுடலாம். சுத்தி உக்காந்து பாக்கட்டும்."

அரங்கநாதனின் கண் பளபளத்தது. தென்னரசு மீதியைச் சொல்லவில்லை. மெத்தையில் விரித்துக் காட்டுகிற புடவையை நின்றுகொண்டு காட்ட முடியாது. காட்டுகிறவரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மேடை முழுக்கச் சாய்வு வைத்து மெத்தை தைக்கச் சொன்னான், ஒரு துணிக்கட்டுகூட அதன்மேல் அடுக்கி நிற்காதபடி. கடைசியாக, பேச்சோடு பேச்சாக, "பட்டுக்கு நம்ம அன்புச்செல்விய போடுங்க மொதலாளி. பதினாலு வருஷ சர்வீஸு" என்றான்.

"பாக்கலாம்ப்பா" என்றார் அவர்.

அரங்கநாதன் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். முன்பு இரண்டு வேலை அவரிடம் செய்தவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஆசை வந்துவிட்டால் மனுஷன் தெரிந்ததையும் மறந்துவிடுகிறான். அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய், இனிமேல் நீ மெத்தையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கப் போகிறாய் என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு. தென்னரசுவுக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையோடு நேராகப் பட்டுப் பிரிவுக்குப் போனான். மெத்தை வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதன்மேல் சம்மணம் போட்டு, சட்டைத்துணி செக்ஷனிலிருந்து கொண்டுவந்த நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்புச்செல்வி மேடைக்குக் கீழே நின்று, அலமாரியிலிருந்து புடவையை எடுத்து எடுத்து அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே குனிந்து நிமிர்கிற வேலையும் சேர்ந்துகொண்டிருந்தது.

"என்னா மொதலாளி இது?"

"பட்டு வெலை பேசறதுக்கு ஆம்பளைங்கதான் சரிப்பா. பொண்ணுங்க கஸ்டமருக்குச் சமமா உக்காந்துக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அதுக்குத்தானே இதைக் கட்டினேன்!"

"நீ எதுக்குக் கட்டினியோ எனக்கென்னா தெரியும்? சம்பளம் குடுக்கறது வேலை செய்யறதுக்கா, உக்காந்துக்கினு இருக்கறதுக்கா?"

தென்னரசு சால்வையை உருவி மெத்தைமேல் வீசினான். திறப்பு விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள், கஸ்டமர்கள், காபி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அவள் கால்களை ஒரு நாள் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே பாருங்கள் என்று கத்தினான். இத்தனை வருஷம் ஜல்லிக் குவியலைத் திட்டியதெல்லாம் அன்றைக்கு மொத்தமாக முதலாளி மேல் கொட்டியது. அன்புச்செல்வி புடவையைப் பாதம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

மறுநாள் காலை அவளைப் படியிலேயே நிறுத்தி, "உங்க அண்ணன்கிட்டயே வேலைக்குப் போய்க்கோ" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவள் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "உன்ன யாரு கேட்டா? என் காலப் பத்தி ஊருக்கே சொல்லச் சொல்லி உன்ன யாரு கேட்டா?" என்றாள். தனக்காகப் பேசினோமா, அவளுக்காகப் பேசினோமா என்பதே தென்னரசுவுக்குச் சந்தேகமாக இருந்தது. அவமானமும் எரிச்சலுமாக, "என் சைட்டுக்கு வா. மெட்டீரியல் வர்றத சரி பாத்து எழுதிக்கோ. நாள் முழுக்க உக்காந்துக்கினே செய்யலாம்" என்றான். வேறு வழி இல்லாததால் அவள் வந்தாள்.

திங்கட்கிழமை திண்டிவனம் ஓட்டலில் இரண்டாவது மாடிக்குக் கான்கிரீட். புதுசாக ஒரு நாற்காலி வாங்கிவந்து, வேப்பமர நிழலில் போட்டு, தன் துண்டால் துடைத்தும் கொடுத்தான். "உக்காரு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். அன்புச்செல்வி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவனுக்கு ஒரு மாசத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

கான்கிரீட் ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போட்ட இடமும் போடப்போகும் இடமும் ஒட்டாது, பின்னால் தண்ணீர் ஒழுகும். கலவை மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டுப் பெண்கள் வரிசையாக ஜல்லியும் மணலும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி வெயிலில் மெஷினுக்கு ஜல்லி வருவது திடீரென்று நின்றது. தென்னரசு மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். வரிசையில் ஓர் ஆள் குறைந்திருந்தது. அஞ்சம்மாள், அவன் கொத்தனாராக இருந்த காலத்திலிருந்து அவனோடு வேலைக்கு வருகிறவள், சுவரோரம் ஜல்லிச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏ அஞ்சம்மா!" அவன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். "மெஷின் சும்மா சுத்திக்கினு இருக்குது, நீ இன்னா பண்ற? கூலி குடுக்கறது வேலை செய்யவா, உக்காந்துக்கினு இருக்கவா? ஜல்தி எழுந்துரு!"

"ஒரு நிமிஷந்தான் மேஸ்திரி. முட்டி புடிச்சிக்கிச்சு" என்று சொல்லி, சுவரைப் பிடித்து எழுந்து, சட்டியை நிமிர்த்திக்கொண்டு வரிசைக்குப் போனாள் அவள்.

திரும்பினால் அன்புச்செல்வி நின்றிருந்தாள்.

"நீ ஏன் எழுந்த? உக்காரு."

"வேணாண்ணா."

"கால் வீங்கிடும் அன்பு."

"வீங்கட்டும். அந்த அம்மா வயசென்னா, என் வயசென்னா? நீ அவங்கள வெரட்டறத நான் சேர்ல உக்காந்துக்கினு பாக்கணுமா?"

"இது கான்கிரீட்டு. நிறுத்தக் கூடாது. உனக்கு என்னா தெரியும்?"

"எங்க மொதலாளிக்கும் தீபாவளி கூட்டம்னு ஒண்ணு இருந்துச்சு" என்றாள்.

கான்கிரீட்டை நிறுத்தக் கூடாது என்பது நிஜம். ஆனால் இருபது வருஷத்தில் எத்தனை ஓட்டல், எத்தனை கடை. ஒன்றிலாவது இந்தப் பெண்கள் உட்கார ஓர் இடம் போட்டோமா என்று தென்னரசு யோசித்தான். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஜல்லி அள்ளுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் போட்டான்.

"முட்டி வலிக்கிறவங்க உக்காருங்க. ஆள் மாத்தி ஆள் உக்காருங்க" என்றான். அதையும் அதட்டலாகத்தான் சொன்னான். வேறு மாதிரி சொல்ல அவனுக்குப் பழக்கமில்லை.

அஞ்சம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும் மேஸ்திரி, நான் இனிமே உக்கார மாட்டேன்" என்று பயந்த குரலில் சொல்லிவிட்டு, சட்டியைத் தலையில் ஏற்றினாள். மற்ற ஏழு பேரும் முன்னைவிட வேகமாக அள்ளத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கான்கிரீட் முடிகிறவரை அந்த நாற்காலியில் யாருமே உட்காரவில்லை.